காகிதக் கல்வெட்டு

கல்வெட்டு என்னும் சொல்லைக் கேட்டதும் தமிழகத்தார் ஒருவருக்குத் தஞ்சைப் பெருங்கோயிலின் சுவரும் அதிலே இராசராசன் பொறிப்பித்த கொடைக் கணக்குகளும் நினைவில் எழும். யாழ்ப்பாணத்தார் ஒருவருக்கு நினைவில் எழுவது வேறொன்று. முப்பத்தோராம் நாள் வீட்டுக்கிருத்தியத்துக்குச் சென்று, மதிய போசனம் உண்டு, புறப்படும் வேளையிலே வாயிலில் நிற்கும் ஒருவர் நம் கையிலே தரும் சிறு புத்தகமே அது. அட்டையிலே இறந்தவரின் படம். உள்ளே திதி வெண்பா. அதன்பின் தேவார திருவாசகங்கள். அப்பால் வாழ்க்கை வரலாறு. அதற்கும் அப்பால் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல். ஈற்றிலே நன்றி நவிலல். கல்லும் இல்லை, உளியும் இல்லை. ஆயினும் நம் முன்னோர் அதற்குக் கல்வெட்டு என்றே பெயரிட்டனர். நினைவு மலர் என்னும் பெயர் பெருகி வந்துள்ளபோதிலும் ஊர் வழக்கில் அது இன்றும் கல்வெட்டே.

பண்டிதன் என்று பெயர் பெற்ற நாள்தொட்டு, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக, உரும்பிராயிலும் அயலூர்களிலும் கல்வெட்டுப் பாடுவோருள் யானும் ஒருவனாக இருந்து வருகிறேன். ஒரு செத்தவீடு நிகழ்ந்தால் முதலில் குருக்களையும், அடுத்து மலர்ச்சாலைக்காரரையும், மூன்றாவதாகப் பண்டிதரையும் தேடுவது எம்மூர் வழக்கம். ஆதலின் சாவுச் சடங்குகள் எங்ஙனம் மாறி வருகின்றன என்பதை ஓரத்தில் நின்று பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அண்மையில் நான் எழுத நேர்ந்த ஒரு கல்வெட்டு அந்த மாற்றங்களைப் பற்றி என்னைத் திரும்பச் சிந்திக்க வைத்தது. அதனையே இங்கு சொல்லப் புகுகின்றேன்.

எங்கள் வீட்டுக்குப் பின் ஒழுங்கையில் வாழ்ந்த ஒரு மூதாட்டியார் எண்பத்து நான்காம் வயதிலே காலமானார். ஆண்மக்கள் இருவர் ரொறன்ரோவில், மகள் சுவிற்சர்லாந்தில். அதிகாலை நான்கு மணிக்கு உயிர் பிரிந்தது. ஐந்து மணிக்கு என் கைத்தொலைபேசியிலே அறிவித்தல் வந்துவிட்டது. நான் எழுந்து வேலியோரம் சென்று பார்த்தபோது, அந்த வீட்டுக்கு அடுத்த வீட்டார் விடயம் அறியாது முற்றம் கூட்டிக்கொண்டிருந்தனர். ஒழுங்கையின் இம்முனையிலிருந்து அம்முனைக்குச் செய்தி போவதற்கு முன் அது கடல் கடந்து கனடா சென்று திரும்பிவிட்டது.

அந்த அறிவித்தலின் நடையைச் சற்று நோக்குக. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்டவர். காலஞ்சென்ற இன்னார் தம்பதியரின் அன்பு மகளும், இன்னாரின் அன்பு மனைவியும், இன்னார் இன்னாரின் பாசமிகு தாயாரும், இன்னாரின் மாமியாரும், இன்னாரின் பேர்த்தியாருமாவார். வானொலி மரண அறிவித்தலில் தொடங்கி, நாளேட்டில் வளர்ந்து, இன்று இணையத்திலே நிலைபெற்ற வாக்கியம் இது. இலக்கண ஆசிரியன் என்ற முறையில் இதனை நான் வியப்பதுண்டு. எத்தனை உம்மைகள்! எத்தனை வேற்றுமை உருபுகள்! ஆனால் இந்நெடுந்தொடரிலே இறந்தவர் எழுவாயாக நின்று செய்த வினை ஒன்றே ஒன்று, அது காலமானமை. எண்பத்து நான்கு ஆண்டுகள் அவர் செய்த பிற வினைகள் எவையும் அங்கே இல்லை. அவர் யாருக்கு என்ன உறவு என்பது உண்டு. அவர் யார் என்பது இல்லை.

இஃது இக்காலத்தின் குறையென்று சொல்லி, அக்காலச் செத்தவீடுகளைப் புகழ்ந்து, ஒரு பெருமூச்சோடு இக்கட்டுரையை முடித்துவிடலாம். அங்ஙனம் செய்வோர் பலர். அது முழு உண்மையன்று என்பதால் இரண்டையும் நிறுத்துப் பார்ப்போம்.

என் சிறுவயதிலே, ஏறத்தாழ 1980ஆம் ஆண்டளவில், ஊரில் ஒருவர் இறந்தால் விடியுமுன் பறையொலி கேட்கும். இளைஞர் இருவர் சைக்கிளில் ஏறி அயலூர்ச் சுற்றத்தாருக்கு இழவு சொல்லப் புறப்படுவர். செத்தவீட்டில் அடுப்பு மூட்டலாகாது என்பதால் அயல் வீடுகளிலிருந்து தேநீரும் சோறும் வந்துகொண்டே இருக்கும். ஒருவர் வளவில் நின்ற மாமரம் விறகாக வீழும். முற்றத்திலே பந்தல் எழும். மூங்கிலும் ஓலையும் கொண்டு பாடை கட்டுவர். உள்ளே பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி சொல்லி அழுவர். ஓதுவார் மரபறிந்த ஒரு முதியவர் திருப்பொற்சுண்ணம் பாட, உரலிலே சுண்ணம் இடிபடும். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிப்பர். வாய்க்கரிசி முடிந்து பாடை எழும்போது பெண்கள் படலையளவில் நின்றுவிடுவர். ஆடவர் மயானம் செல்வர். இவையெல்லாம் பெரும்பாலும் ஒரு பகலுக்குள் முடியும்.

இன்று உடல் ஒரு பகலுக்குள் மயானம் செல்வது அரிது. விமானத்தில் மகன் வரவேண்டும். விசாவும் பயணச்சீட்டும் கிடைக்கவேண்டும். அதுவரை உடல் கெடாமல் இருக்க மருந்தேற்றிப் பதனிடுவர். பாடை இருந்த இடத்தில் பளபளக்கும் பெட்டி. தோள் இருந்த இடத்தில் கண்ணாடி பதித்த ஊர்தி. பந்தல், கதிரை, தேநீர், சோற்றுப் பொதி, வாழைமரம், வெள்ளைக் கொடி, அஞ்சலிப் பதாகை ஆகிய யாவற்றையும் ஒரு தொலைபேசி அழைப்பிலே கொண்டுவந்து இறக்குவோர் உளர். முற்றத்து மூலையில் ஒளிப்படக்காரர் முக்காலி நிறுத்தி நேரலை அனுப்புகிறார். ஒப்பாரி ஏறத்தாழ ஓய்ந்துவிட்டது. நேரலையிலே தம் முகம் தெரியும் என்று கூசி, விம்மலையும் முந்தானைக்குள் அடக்குகின்றனர் பெண்கள்.

இதற்குக் காரணம் மனக்கடினம் அன்று, ஆளில்லாமை. பாடை தூக்கிய தோள்கள் இன்று இலண்டனிலும் பாரிசிலும் பாரம் தூக்குகின்றன. எங்கள் ஒழுங்கையில் ஒன்பது வீடுகள். அவற்றுள் ஐந்திலே முதியோர் மட்டும் வாழ்கின்றனர். இரண்டு பூட்டிக் கிடக்கின்றன. எழுபது வயதினர் எண்பது வயதினரைச் சுமக்க இயலுமோ? கூலிக்கு வருவோர் இலராயின் பிணம் வீட்டிலேயே கிடக்கும். மலர்ச்சாலைக்காரரை இகழ்வோர் இதனை முதலில் எண்ணவேண்டும்.

இனி, அக்காலத்தைப் புகழ்வோர் மறந்துவிடும் ஒன்றையும் சொல்லுதல் கடன். அன்று பறையடித்தவரும், வெள்ளை கட்டியவரும், விறகடுக்கியவரும் விரும்பி வந்தவரல்லர். பிறப்பினால் விதிக்கப்பட்ட குடிமை அவர்களை இழுத்து வந்தது. நமது வீட்டுப் பிணத்துக்கு அவர்கள் பறை வேண்டும். அவர்கள் வீட்டுப் பிணத்துக்கு நமது மயானம் கூடாது. 1944ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணம் வில்லூன்றி மயானத்தில், ஒடுக்கப்பட்ட மக்கள் தம்மவர் ஒருவரின் உடலை எரிக்க முற்பட்டபோது அதனைத் தடுக்க வந்தோரால் முதலி சின்னத்தம்பி என்பவர் சுட்டுக் கொல்லப்பட்டார். செத்தவரை எரிக்கப் போய் உயிரோடிருந்தவர் ஒருவர் செத்தார். 1957ஆம் ஆண்டிலே சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. 1960களின் பிற்பகுதியிலே தேநீர்க்கடைகளும் கோயில்களும் திறக்க வேண்டிப் போராட்டங்கள் எழுந்தன. அக்காலந்தொட்டு, ஊர் ஊராக மக்கள் பறையைக் கீழே வைத்து, இனி அடியோம் என்றனர். ஆகவே பறையொலி ஓய்ந்ததைப் பண்பாட்டின் வீழ்ச்சி என்று மட்டும் சொல்லுதல் நீதியாகாது. அது சிலருடைய நிமிர்வும் ஆகும். இன்று அதே பறையை இளைஞர் சிலர் மேடையிலே தம் விருப்பால் அடிக்கின்றனர். விருப்பால் அடிக்கும் பறைக்கு இழிவு இல்லை.

மயானப் பூசல் அத்தோடு தீர்ந்துவிடவும் இல்லை. 2017ஆம் ஆண்டிலே புத்தூர் கலைமதிக் கிராமத்து மக்கள், தம் குடியிருப்புகளின் நடுவே பிணம் எரிக்கலாகாது என்று கோரி வீதிக்கு வந்தனர். மறியல்களும் கைதுகளும் வழக்குகளும் நிகழ்ந்தன. யார் வீட்டுப் புகை யார் வீட்டு முற்றத்தில் படிவது என்னும் வினா இன்னும் நம்மிடையே உயிரோடிருக்கிறது.

வழக்கம் தானாக மாறுவது ஒன்று. காலம் வலிந்து மாற்றுவது வேறொன்று. 1987 ஒக்டோபரிலே இந்திய இராணுவ நடவடிக்கை தொடங்கியபோதும், 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் பெயர்ந்து நடந்தபோதும், இறந்தோருக்குச் சுண்ணமும் இல்லை, பந்தமும் இல்லை, கல்வெட்டும் இல்லை. போரிலே காணாமற்போனோரின் வீட்டாருக்கோ திதியே இல்லை. எந்நாளில் இறந்தார் என்று தெரியாதவருக்கு எவ்வாறு திதி வெண்பா பாடுவது? இறந்தார் என்றுதான் எவ்வாறு எழுதுவது? என்னிடம் ஒரு தாயார் ஒருமுறை வந்து, மகனுக்குப் பாட்டு வேண்டும், ஆனால் செத்துவிட்டான் என்று வரக்கூடாது என்று கேட்டார். நான் படித்த யாப்பிலக்கணத்தில் அதற்கு வழி இருக்கவில்லை. வெறுங்கையோடு அவரை அனுப்பினேன்.

பின்னர் கொரோனாக் காலம் வந்தது. 2020 ஏப்பிரலிலே வெளியான வர்த்தமானி அறிவித்தல், அத்தொற்றினால் இறந்தோர் அனைவரையும் எரித்தே ஆகவேண்டும் என்றது. அடக்கம் செய்தலும் தகும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும் அது கேட்கப்படவில்லை. மண்ணிலே அடக்குதலைச் சமயக் கடனாகக் கொண்ட முஸ்லிம் மக்களின் உடல்கள் தீயிலிடப்பட்டன. பிறந்து இருபது நாளேயான குழந்தை ஒன்றும் அவற்றுள் அடங்கும். 2021 பெப்ரவரி இறுதியிலே அவ்விதி தளர்ந்து, மார்ச் மாதந்தொட்டு ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய வழி திறந்தது. 2024 யூலையிலே அரசின் அமைச்சரவை அதற்காக மன்னிப்புக் கோரியது. எரிப்பதே வழக்கமாகக் கொண்ட நமக்கு அவ்விதியால் நேரடி இழப்பு இல்லை என்று நம்மில் பலர் வாளாவிருந்தோம். தன் வழக்கப்படி தன் தந்தையைக் கொண்டுசெல்ல இயலாதவனின் நோவு எத்தகையது என்பது வில்லூன்றியை நினைத்தவர்க்கு விளங்கியிருக்கவேண்டும்.

அக்காலத்திலேதான் நேரலையும் எங்கும் பரவியது. பலர் அதனைக் கேலி செய்வர். நான் செய்யேன். தொண்ணூறுகளிலே ஒரு தாய் இறந்தால், கொழும்பு வழியாகச் சுற்றி மகனுக்குக் கடிதம் போய்ச் சேரும் முன் அந்தியேட்டி முடிந்துவிடும். அந்த மகன் அன்றுவரை உயிரோடிருக்கும் தாய்க்கே கடிதம் எழுதிக்கொண்டிருப்பான். இன்று அவன் கண்ணாடித் திரையில் தாயின் முகத்தையேனும் காண்கிறான். அங்குள்ள தமிழர் தம்முள் ஒருவர் இறந்தால் மின்தகனக் கூடத்திலே மூத்த மகன் பொத்தான் ஒன்றை அழுத்துகிறான். அதுவே அங்கு கொள்ளி வைத்தல். கொள்ளிக்குடத்துக்கும் பொத்தானுக்கும் தூரம் பெரிது. ஆனால் அழுத்தும் விரல் நடுங்குவது ஒன்றே.

ஆகவே பெட்டியும், ஊர்தியும், நேரலையும், பொத்தானும் என் கவலையல்ல. என் கவலை வேறு. அதிலே முதற் குற்றவாளி நானே.

சங்கப் புலவர் இறந்தோரைப் பாடிய பாட்டைத் தொல்காப்பியர் கையறுநிலை என்பர். புறநானூற்றின் 235ஆம் பாட்டிலே அதியமானை இழந்த ஔவையார் என்ன சொல்கிறார்? கள் சிறிதளவே கிடைத்தால் அதனை எமக்கே தந்துவிடுவான். மிகுதியாகக் கிடைத்தால் யாம் குடித்துப் பாட, எஞ்சியதைத் தான் மகிழ்ந்து உண்பான் என்கிறார். எலும்போடு கூடிய நல்ல ஊன் வந்தால் எமக்கு, அம்பும் வேலும் வரும் இடத்தில் தான் நிற்பான் என்கிறார். நரந்தப்பூ மணக்கும் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவினான் என்கிறார். வள்ளல், வீரன் என்று பொதுச்சொல் கூறி அவர் நிறுத்திவிடவில்லை. கள்ளின் அளவையும் கையின் மணத்தையும் சொன்னார். ஆதலினாலேதான் இரண்டாயிரம் ஆண்டு கழிந்தும் அதியமான் நம் கண்முன் நிற்கிறான்.

நாங்கள் செய்தது என்ன? ஆறுமுக நாவலர் 1879இல் மறைந்தபோது அவரை அறிந்தோர் சரமகவி பாடினர். அறிந்து பாடியதால் அவற்றிலே உயிர் இருந்தது. அம்மரபின் வாரிசுகளாகிய நாங்களோ, முகமறியாத வீட்டுக்கும் புலம்பல் எழுதினோம். என்னிடம் ஒரு கொப்பி இருக்கிறது. அதில் தந்தைக்கு மக்கள் புலம்பல் நான்கு வகை, கணவனுக்கு மனைவி புலம்பல் மூன்று வகை, பேரப்பிள்ளைகளுக்கு இரண்டு வகை. பெயரையும் ஊரையும் மாற்றினால் போதும். எதுகை இடறினால் ஒரு சீரைத் திருத்தினால் போதும். வாழ்வில் ஒருநாளும் கணவனோடு முகங்கொடுத்துப் பேசியறியாத ஒரு பெண்ணுக்கு, அவனை மன்மதன் என்றும் மதியென்றும் நான் அழுது கொடுத்திருக்கிறேன். அவர் அதை வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. மலர்ச்சாலைக்காரர் கண்ணீரை விற்றதில்லை. விற்றவர்கள் நாங்கள்.

இவ்வளவு கண்டிப்பாக இதனைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1981இலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழத் தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் சாம்பலாயின. பின்னர் வந்த போரும் இடப்பெயர்வும் வீடுகளிலிருந்த ஏடுகளையும் உறுதிகளையும் படங்களையும் தின்றன. எஞ்சிய சிறு துண்டுகளுள் கல்வெட்டுகளும் சில. 2005ஆம் ஆண்டிலே தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் பழைய நூல்களோடும் இதழ்களோடும் இந்நினைவு மலர்களையும் தேடியெடுத்துப் பதிவுசெய்து வருகிறது. ஊர் வரலாறு எழுத முனையும் மாணவர் இன்று அவற்றைத்தான் புரட்டுகின்றனர்; யார் எங்கே படித்தார், யார் மலாயா சென்றார், எந்தக் கேணியை யார் வெட்டுவித்தார் என்று தேடுகின்றனர். அரசர் இல்லாத ஊருக்குக் காகிதமே கல். அக்கல்லிலே என் கொப்பியின் நான்கு வகைப் புலம்பலைத் தவிர வேறொன்றும் இல்லையாயின், எதிர்காலத்தார் எம்மூர்த் தந்தையர் அனைவரும் ஒரே தந்தையென்றே கருதுவர்.

இனி அந்த மூதாட்டியாருக்கு வருவோம். இறுதிச் சடங்கு முடிந்த ஐந்தாம் நாள் மூத்த மகன் ரொறன்ரோவிலிருந்து அழைத்தார். என்னிடம் ஆறாம் வகுப்பிலே படித்தவர். “சேர், அம்மாவுக்குக் கல்வெட்டு நீங்கள்தான் எழுதவேணும். விபரம் எல்லாம் அனுப்புறன்” என்றார். விபரம் வந்தது. பிறந்த தேதி, மணநாள், மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், அவர்தம் பட்டங்கள், அவர்கள் வாழும் நகரங்கள். அறிவித்தலில் இருந்த அதே வாக்கியம் சற்று நீண்டிருந்தது. கொப்பியைத் திறந்தேன். தாய்க்கு மக்கள் புலம்பல், மூன்றாம் வகை. பெயரை மாற்றும் இடத்தில் என் பேனா நின்றுவிட்டது. ஏனெனில் அவரை நான் அறிவேன்.

1987 ஒக்டோபரிலே எனக்குப் பதினேழு வயது. ஊரடங்கு, இடைவிடாத எறிகணைச் சத்தம். எங்கள் சுற்றத்தாரும் அயலவரும் கோயில்களிலும் பள்ளிக்கூடங்களிலும் தஞ்சம் புகுந்துவிட்டனர். என் பாட்டியார் நோயாய்க் கிடந்தமையால் நாங்கள் மட்டும் வீட்டில் நின்றோம். ஓர் இரவு பாட்டியார் இறந்தார். சொல்லியனுப்ப ஆளில்லை, வரவும் எவருமில்லை. என் தாயார் அஞ்சி நடுங்கிக்கொண்டிருந்தார். விடிகாலையில் வேலிப் பொட்டினால் குனிந்து ஒருவர் வந்தார். பின் ஒழுங்கை அம்மா. எங்கள் வெங்காயத் தோட்டத்திலே நாற்பது வயதுவரை கூலிக்கு நின்றவர். என் பாட்டியார் அவருக்குத் தேநீர் வார்ப்பதற்கென்று அலுமினியப் பேணி ஒன்றைக் கிணற்றடிச் சுவரிலே தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தார். எங்கள் கிணற்றில் அவர் வாளியைத் தொட்டதில்லை. நாங்கள் அள்ளி ஊற்ற ஏந்திக்கொள்வார்.

அன்று அவர் எவரையும் கேட்கவில்லை. நேரே கிணற்றடிக்குச் சென்றார், வாளியை எடுத்தார், நீர் அள்ளினார். என் தாயாரோடு சேர்ந்து பாட்டியாரைக் குளிப்பாட்டினார், தலை வாரினார், நெற்றியில் திருநீறு பூசினார். பாடை கட்ட ஓலையும் கயிறும் எடுத்துத் தந்தார். தூக்குவதற்கு என் தந்தையாரும், நானும், கண்பார்வை குன்றிய ஒரு முதியவருமாக மூவரே இருந்தோம். நான்காம் முனையை அந்த அம்மாவே பிடித்தார். மயானம் செல்ல இயலாது. வளவின் எல்லையிலே பனைகளுக்கு நடுவே, வேலிக் கதியாலும் பனைமட்டையும் அடுக்கி எரித்தோம். பெண் பாடை பிடித்தல் வழக்கமன்று. அவர் எங்கள் பாடையைத் தொடுதலோ அதனினும் வழக்கமன்று. வழக்கங்கள் எல்லாம் கோயிலிலே தஞ்சம் புகுந்திருந்தன. அடுத்த கிழமை அந்த அலுமினியப் பேணியை என் தாயார் எடுத்து எறிந்தார். அதைப் பற்றி எங்கள் வீட்டில் எவரும் எதுவும் பேசவில்லை. அவருக்கு நன்றி என்றுகூட எவரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

மகனை அழைத்து இதனைச் சொன்னேன். நெடுநேரம் பேச்சில்லை. “அம்மா ஒருநாளும் சொல்லேல்லை, சேர்” என்றார். பின்பு, “பாடை பிடிச்சதை எழுதுங்கோ. அந்தப் பேணிக் கதையும் கிணத்துக் கதையும் வேண்டாம். இஞ்சை பிள்ளையளுக்கு நாங்கள் ஆர் எவர் எண்டு சொல்லி வளர்க்கேல்லை” என்றார்.

இரு நாள்கள் எதுவும் எழுதாதிருந்தேன். மகன் கேட்டது நியாயம். தம் பிள்ளைகள் அந்தச் சுமையின்றி வளரவேண்டும் என்பது அவர் உரிமை. உண்மை சொல்லவேண்டும் என்னும் என் ஆர்வத்துக்கு அவர் பிள்ளைகளை விலையாகக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் சற்றே சிந்தித்தபோது ஒன்று விளங்கிற்று. பேணியும் கிணறும் அவர்கள் வீட்டுக் கதையல்ல. எங்கள் வீட்டுக் கதை. அதிலுள்ள நாணம் அந்த அம்மாவுக்குரியதன்று, எமக்குரியது. அவர் கல்வெட்டிலே அவர் செய்ததை எழுதவேண்டும். நாங்கள் செய்ததை நான் வேறோரிடத்தில் எழுதவேண்டும். மகனிடம் கேட்டேன். “பெயர் இல்லாமல் எழுதுங்கோ” என்றார். இது அவ்விடம்.

கல்வெட்டிலே திதி வெண்பா ஒன்று பாடினேன். ஆண்டுதோறும் திவசம் செய்வோருக்கு அது வேண்டும். புலம்பல் எழுதவில்லை. மக்கள் மூவரையும் தனித்தனியே அழைத்து, தாயைப் பற்றி நினைவிலுள்ள ஒன்றைச் சொல்லுமாறு கேட்டேன். ஒருவர், பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்குவதற்காக அம்மா ஒரு மாரி முழுவதும் ஈரச் சேலையோடு வெங்காயம் நட்டதைச் சொன்னார். மற்றவர், அம்மா பொய் சொல்லிய ஒரேயொரு நாளைச் சொன்னார். வீட்டில் ஒருவருக்கே சோறு இருந்தபோது தான் உண்டுவிட்டதாகச் சொன்ன நாள் அது. மகள் எதுவும் சொல்ல இயலாது அழுதார். தம் மகள் நேரலையைப் பார்த்துவிட்டு, அம்மம்மாவின் கை ஏன் இவ்வளவு பெரிது என்று கேட்டதை மட்டும் சொன்னார். யாவற்றையும் அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதினேன். ஈற்றிலே என் பெயரில் ஒரு பக்கம்: 1987 ஒக்டோபரிலே எவரும் வெளியே வர அஞ்சிய ஒரு விடிகாலையில் இவர் எங்கள் வீட்டுக்கு வந்தார், என் பாட்டியாரைக் குளிப்பாட்டினார், பாடையின் ஒரு முனையைச் சுமந்தார், அந்தக் கடன் எங்களிடம் இருக்கிறது என்று.

முப்பத்தோராம் நாள் அந்நூல் கைக்குக் கை சென்றது. அச்சகத்தார் வழக்கமான தாமரைப்பூவையும் குத்துவிளக்கையும் போட்டிருந்தனர், அதனாற் குறையில்லை. அன்று மாலை பின் ஒழுங்கையைச் சேர்ந்த ஒருவர் என் படலையிலே வந்து நின்றார். அவருக்கும் எனக்கும் நாற்பதாண்டுப் பழக்கம். ஆயினும் உள்ளே வந்ததில்லை. அன்று வந்து இருந்தார். என் மனைவி எங்கள் இருவருக்கும் ஒரே மாதிரியான கோப்பையிலே தேநீர் தந்தார்.

ஆசிரிய அன்பர்களுக்கும் மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள். பாடை போயிற்று, பறை போயிற்று, ஒப்பாரி போயிற்று என்று கணக்கெடுத்துக்கொண்டிருத்தலால் பயனில்லை. அவற்றுட் சில போகவேண்டியவை. சில போனது நம் கைவன்மைக்கு அப்பாற்பட்டது. ஆனால் இறந்தவரைப் பற்றி உண்மையான ஒரு சொல் சொல்லுதல் எந்த மலர்ச்சாலைக்காரராலும் செய்ய இயலாதது. அறிந்தவரே அதைச் செய்யவேண்டும். உங்கள் வகுப்பு மாணவர் ஒவ்வொருவரையும், தம் ஒழுங்கையிலுள்ள ஒரு முதியவரிடம் சென்று, அவர் வாழ்விலே செய்த ஒன்றைக் கேட்டு, ஒரு பக்கம் எழுதிவரச் செய்யுங்கள். உறவுமுறை வேண்டாம், வினை வேண்டும். கல்வெட்டு எழுதும் காலம் முப்பத்தோராம் நாள் அன்று. அவர் இருந்து பேசும் நாளே.

என் கொப்பியை நான் எரிக்கவில்லை. அதன் அட்டையிலே, இனி இதிலிருந்து எடுக்கலாகாது என்று எழுதி, அலுமாரியின் மேற்றட்டிலே வைத்திருக்கிறேன்.